பெருந்துறைக்குக் கப்பல் வருமா? தமிழ்நாட்டுக்கு எந்த மாதிரி பாய்மரத் திருவிழா வேண்டும்?

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவிலுக்குப் பழைய பெயர் திருப்பெருந்துறை. துறை என்றால் கப்பலோ படகோ வந்து நிற்கும் இடம். பெருந்துறை என்றால் அதில் பெரியது. இன்றைக்கு அங்கே போய் நின்றால் சுற்றிலும் வயலும் கண்மாயும்தான் தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மீமிசல் பக்கமாக இன்னும் கொஞ்ச தூரம் வண்டி ஓட்ட வேண்டும்.

ஆனால் இந்த ஊரின் கதையே கப்பலில் இருந்துதான் தொடங்குகிறது. அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சர் வாதவூரர், படைக்குக் குதிரை வாங்கக் கருவூலப் பணத்தோடு மதுரையில் இருந்து கிளம்புகிறார். கடல் கடந்து குதிரைகள் வந்து இறங்கியிருப்பதாகத் தகவல். வழியில் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைப் பார்க்கிறார். அத்தோடு சரி. குதிரைப் பணம் கோயில் பணமாகிவிடுகிறது, அமைச்சர் மாணிக்கவாசகர் ஆகிவிடுகிறார். அதற்கப்புறம் நரி பரியான கதை எல்லோருக்கும் தெரியும். மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் அந்த லீலை நடக்கிறது. ஆவுடையார்கோவில் மண்டபத்தில் குதிரை மேல் சிவன் உட்கார்ந்திருக்கும் சிலையும் இருக்கிறது.

நரியும் ஞாபகம் இருக்கிறது, பரியும் ஞாபகம் இருக்கிறது. அந்தக் குதிரைகளை ஏற்றி வந்த கப்பலைத்தான் தமிழ்நாடு மறந்துவிட்டது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 டிசம்பர் 29ஆம் தேதி குஜராத்தின் போர்பந்தரில் இருந்து ஒரு விசித்திரமான கப்பல் கிளம்பியது. பெயர் ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா. என்ஜின் கிடையாது. இரும்பு ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து, பிசின் பூசிக் கட்டிய கப்பல். இரண்டு சதுரப் பாய், பின்னால் திசை திருப்ப இரண்டு துடுப்பு. 2026 ஜனவரி 14ஆம் தேதி அது ஓமன் நாட்டின் மஸ்கட்டைச் சேர்ந்தது. போன் ஸ்க்ரீனில் அந்த வீடியோவைப் பார்த்து ஷேர் செய்தவர்கள் நிறையப் பேர்.

அதே மாதம் 20ஆம் தேதி கொச்சியில் இருந்து கடற்படையின் மூன்று பாய்மரக் கப்பல் ஐ.என்.எஸ். சுதர்சினி பத்து மாதப் பயணமாகப் புறப்பட்டது. பிரான்சின் செத் துறைமுகத்தில் நடக்கும் பாய்மரத் திருவிழா, நியூயார்க்கில் நடக்கும் 'செயில் 250' இரண்டும் அதன் பயணத் திட்டத்தில் உண்டு. அதாவது உலகத்தின் பாய்மரத் திருவிழாக்களுக்கு இந்தியா கப்பல் அனுப்புகிறது. ஆனால் 1,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை வைத்திருக்கும் தமிழ்நாட்டில் அப்படி ஒரு திருவிழா இல்லை.

"நாமும் நடத்தலாமே" என்ற குரல் எழுவது இயல்பு. 2022ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடத்திய மாநிலம் இது. 2023ல் அதே ஊரில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி, 2024ல் சென்னைச் சாலையில் ஃபார்முலா 4 கார் பந்தயம். பணம் ஒதுக்கினால், டெண்டர் விட்டால், நாலு பெரிய கப்பலை வரவழைத்து மெரினாவில் இருந்து தெரியும்படி நிறுத்திவிடலாம். லேசர் ஷோ, உணவுக் கடை, செல்ஃபி பாயிண்ட். மூன்று நாளில் கப்பல் போய்விடும், குப்பை மட்டும் மிஞ்சும்.

அந்த மாதிரி திருவிழா தமிழ்நாட்டுக்குத் தேவையில்லை. தேவைப்படுவது வேறு ஒன்று. அதற்குத் தோதான இடம் மெரினா அல்ல, ஆவுடையார்கோவிலில் இருந்து கிழக்கே போனால் வரும் பாக் நீரிணைக் கரை.

குதிரை ஏறி வந்த கப்பல் எப்படி இருந்தது?

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, குதிரை வியாபாரத்தைப் பார்த்து அசந்து போயிருக்கிறார். இங்கே குதிரை பிறப்பதில்லை, எல்லாம் ஹோர்முஸ், ஏடன், தோஃபார் பக்கம் இருந்து கடல் வழியாகத்தான் வருகிறது, அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், ஆனால் சரியாகப் பராமரிக்கத் தெரியாததால் வருடம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்கிறார். சமைத்த இறைச்சியும் சோறும் குதிரைக்குக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். லாடம் கட்டத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த ஆர்டர் வரும்! பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் தரும் எண்ணிக்கை இதைவிடப் பெரியது. ஒவ்வொரு குதிரைக்கும் 220 தங்கத் தினார் என்று அவர் விலையும் சொல்கிறார். நம் கல்வெட்டுகளிலும் 'குதிரைச் செட்டி' என்ற பெயர் வருகிறது.

இதில் கப்பலைப் பற்றி மார்க்கோ போலோ சொல்வதுதான் இங்கே முக்கியம். ஹோர்முஸ் கப்பல்களில் இரும்பு ஆணி இல்லை, தேங்காய் நார்க் கயிற்றால் பலகையைத் தைத்திருக்கிறார்கள், ஒரு மரம், ஒரு பாய், மேல்தளம் கூட இல்லை. சரக்கை ஏற்றி அதன்மேல் தோல் விரித்து, அந்தத் தோலின் மேல் குதிரைகளை நிறுத்தி இந்தியாவுக்கு விற்க அனுப்புகிறார்கள். இந்தக் கப்பலில் ஏறுவது ஆபத்து என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார். வெனிஸ்காரர், ஆணி அடித்த கப்பலில் பழகியவர். அவருக்குக் கயிறு போட்டுத் தைத்த கப்பல் பலவீனமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

உண்மையில் தையல் என்பது பலவீனம் அல்ல. அலை மோதும்போது ஆணி அடித்த பலகை விறைப்பாக நின்று விரிசல் விடும் இடத்தில், தைத்த பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பலில் இருந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவையும் கயிற்றால் தைத்தவைதான். ஆங்கிலேயர் கொண்டுவந்த படகுகள் மெட்ராஸ் அலையில் தாக்குப்பிடிக்காத இடத்தில் இவைதான் வேலை செய்தன.

ஆக, வாதவூரர் வாங்கப் போன குதிரைகள் ஏறி வந்ததும் இப்படித் தைத்த கப்பலாகத்தான் இருந்திருக்க வேண்டும். மஸ்கட் போய்ச் சேர்ந்த கௌண்டின்யா, அந்தப் பழைய குதிரைத் தடத்தின் ஒரு பகுதியைத் தலைகீழாகப் போயிருக்கிறது என்றே சொல்லலாம்.

வரைபடமே இல்லாமல் கட்டிய கப்பல்

கௌண்டின்யாவுக்கு மாதிரியாக இருந்தது 5ஆம் நூற்றாண்டு அஜந்தா குகை ஓவியம். அவ்வளவுதான். வரைபடம், உடைந்த பலகை, அளவு எதுவும் கிடையாது. 2023 ஜூலையில் மத்திய கலாசார அமைச்சகம், கடற்படை, கோவாவின் ஹோடி இன்னொவேஷன்ஸ் நிறுவனம் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள் பலகையைத் தைத்தார்கள். அலையில் எப்படி மிதக்கும் என்று மாதிரி செய்து சோதித்துப் பார்த்தது சென்னை ஐ.ஐ.டி.

கவனியுங்கள். சோதித்தது சென்னை. தைக்கத் தெரிந்த கை கேரளாவில் இருந்து வந்தது. அதற்கு முன் 2010ல் ஓமன் அரசு இதேபோல 9ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றை மறுபடி கட்டி 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்று பெயர் வைத்து சிங்கப்பூருக்கு அனுப்பியது. அதைத் தைக்கவும் கேரளத்துக் கைகள்தான் போயின. அந்தக் கப்பல் நடுவழியில் பாய்மரம் விரிசல் விட்டு, இலங்கையின் காலி துறைமுகத்தில் தேக்கு மரம் தேடிப் புதிதாக நட்டுக்கொண்டு கிளம்பியது. கொச்சிக்கு வந்தது, காலிக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கரையில் அது நிற்கவில்லை.

தமிழ்நாட்டிலும் ஓவியம் இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே சுவரில் ஒரு கப்பல் வருகிறது. அதில் அரபு வியாபாரிகள், கூடவே குதிரைகள். அஜந்தா ஓவியத்தை வைத்துக் கப்பல் கட்ட முடியுமென்றால், இந்த ஓவியத்தை வைத்தும் கட்டலாம். அதற்கு மார்க்கோ போலோவின் வர்ணனை துணைக்கு இருக்கிறது, சோதித்துப் பார்க்க ஐ.ஐ.டி. இருக்கிறது, தைக்கும் தொழில்நுட்பம் கோவாவில் உயிரோடு இருக்கிறது. கதையைச் சொல்ல ஆவுடையார்கோவில் இருக்கிறது.

ஆனால் அது ஒரு கப்பல். ஒரு கப்பலால் திருவிழா ஆகாது.

பெரிய கப்பல் மீமிசலுக்கு வராது

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். தரங்கிணி, சுதர்சினி போன்ற கப்பல்களை மீமிசலுக்கோ கோட்டைப்பட்டினத்துக்கோ கொண்டுவர முடியாது. பாக் நீரிணையின் சராசரி ஆழமே சுமார் 9 மீட்டர்தான். சேதுசமுத்திரத் திட்டத்தில் 12 மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் தோண்டக் கிளம்பியது ஏன் என்று யோசித்தால் புரியும். புதுக்கோட்டைக் கரையில் இன்னும் மோசம். சேறும் மணலும் கலந்த தரை, கரையில் இருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவு. பெரிய கப்பல் எங்கோ தொடுவானத்தில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டியதுதான். பைனாகுலர் வைத்துப் பார்ப்பதற்கா திருவிழா?

ஆனால் இந்த ஆழமில்லாத தண்ணீருக்கென்றே ஒரு படகு இங்கே பிறந்தது. பெயர் வத்தை.

வத்தைக்கு அடிப்பாகம் தட்டை. சேற்றில் தட்டினாலும் கவிழாது. தட்டையான அடியுள்ள படகு பக்கவாட்டுக் காற்றில் சறுக்கிக்கொண்டு போகும். அதைத் தடுக்கப் பக்கத்தில் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிவிடுவார்கள். காற்று பலமாக அடித்தால் படகின் குறுக்கே வெளியே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி நின்று எடை கொடுப்பார்கள். பெரிய வத்தையில் மூன்று பாய்மரம் இருக்கும். காற்றை வைத்தே வலையை இழுத்து மீன் பிடிப்பார்கள். டீசல் ஒரு சொட்டு வேண்டாம். இன்றைக்கு ஐரோப்பாவில் ஒலிம்பிக் வீரர் படகுக்கு வெளியே சாய்ந்து தொங்குவதைப் பார்த்து வாய் பிளக்கிறோமே, அதே இயற்பியலைத்தான் அதிராம்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்து மீனவர் தினசரி வேலையாகச் செய்துகொண்டிருந்தார்.

இதை முறையாக அளந்து, வரைந்து எழுதிவைத்தது யார்? 1920ல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியவர், மெட்ராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல். 1990களில் வத்தையைத் தேடி இந்தக் கரைக்கு வந்து பலகை பலகையாக அளந்தவர்கள் ஷான் மக்கிரெயிலும் அவருடன் வந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்களும். அந்த ஆய்வு 2003ல் புத்தகமாகவும் வந்தது. அதை வாங்கிப் படிக்க வேண்டுமென்றால் ஒரு நல்ல ஸ்மார்ட்போனுக்கு முன்பணம் கட்டும் அளவு செலவாகும். தமிழில் வத்தையைக் கட்டுவது எப்படி என்று ஒரு கையேடு கையில் கிடைப்பது கஷ்டம். தச்சர் மண்டையில் இருந்தது. தச்சர் போனால் அதுவும் போச்சு.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அன்றைக்கு அது தேவையான உதவி, குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பக்கவிளைவாக மரப் படகு கட்டுவோருக்கு வேலை குறைந்தது, கட்டுமரமும் பாயும் வேகமாக ஒதுங்கின. பெரிய மரக்கலம் என்று தமிழ்நாட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தூத்துக்குடித் தோணிதான். நூற்றுக்கணக்கான டன் சரக்கு ஏற்றி மாலத்தீவுக்குப் போகும். அதிலும் இப்போது என்ஜின்தான் பிரதானம், பாய் துணைக்குத்தான். மழைக்காலக் கடல் கொந்தளிப்பு மாதங்களில் தோணிகள் கரையில் நிற்கும். காய்கறி, செங்கல், ஜல்லி ஏற்றிப் போகிற அந்தத் தோணியைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

திருவிழா ஏற்கெனவே நடக்கிறது

இதில் வேடிக்கை என்னவென்றால், பாய்மரத் திருவிழாவைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. மீமிசலில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ராமநாதபுரம் மாவட்டம் தொண்டி, நம்புதாளை. அந்தக் கரையோர ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடப்பது வழக்கம். ஒரு படகில் ஐந்தாறு பேர், கவிழாமல் இருக்க மணல் மூட்டை, கடலுக்குள் ஒரு எல்லை வரை போய்த் திரும்ப வேண்டும். கரை முழுக்கக் கூட்டம், மைக் செட், விசில். மறுநாள் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் ஒரு போட்டோவோடு செய்தி வரும். அவ்வளவுதான் அதற்குக் கிடைக்கும் இடம்.

ஜல்லிக்கட்டுக்கு அரங்கமே கட்டுகிறோம். கேரளத்தில் 1952ல் நேரு பார்த்த ஒரு வள்ளப் போட்டி, இன்று நேரு டிராபி என்று உலகம் அறிந்த திருவிழா. ஒவ்வொரு கரையும் தன் சுண்டன் வள்ளத்தைத் தானே கட்டி, தானே பராமரிக்கிறது. போட்டி இருப்பதால் வள்ளம் கட்டும் ஆசாரிகளுக்கு வேலை இருக்கிறது, வேலை இருப்பதால் அடுத்த தலைமுறை கற்றுக்கொள்கிறது. தொண்டிக் கரையில் இருப்பதும் அதே விதைதான். தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

நாகூர் கந்தூரியில் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவ ரதம் தரையில் உருண்டு வருவதைப் பார்த்தவர்கள் சிரிக்காமல் ஒன்றை யோசிக்கலாம். கடலை நம்பிப் பிழைத்த ஊர், கப்பலை மறக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. மற்ற ஊர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

பிரான்சில் என்ன செய்தார்கள்?

உலகத்தின் பெரிய கப்பல் திருவிழாக்கள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. 1956ல் இங்கிலாந்தின் டார்பேயில் இருந்து லிஸ்பன் வரை நடந்த முதல் 'டால் ஷிப்ஸ்' போட்டி, அழிந்துகொண்டிருந்த பாய்மரக் கப்பல்களுக்குப் பிரிவு உபசார விழாவாக நினைத்து நடத்தியது. கூட்டம் அலைமோதியதால் தொடர்ந்து நடத்தினார்கள். இன்று அந்தப் போட்டியில் கப்பலில் போகிறவர்களில் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று விதி. வேடிக்கை பார்க்க வந்த பையன் கயிறு இழுக்கக் கற்றுக்கொண்டு போகிறான். ஆம்ஸ்டர்டாமில் 1975ல் நகரத்தின் 700ஆம் ஆண்டுக்காகத் தொடங்கியது ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அது முழுக்கப் பிரம்மாண்டம்.

தமிழ்நாடு பார்க்க வேண்டியது இவற்றைவிட பிரான்சின் பிரெஸ்ட் நகரத்தை. 1992ல் அங்கே முதல் பெரிய திருவிழா நடப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 'ஷாஸ் மாரே' என்ற கடல்சார் பத்திரிகை ஒரு போட்டி அறிவித்தது. பரிசு, வேகமாக ஓட்டுபவருக்கு அல்ல. தன் ஊர்க் கரையில் ஒருகாலத்தில் ஓடிய, இப்போது காணாமல் போன படகை மறுபடி கட்டி எடுத்துவரும் ஊருக்கு. நகராட்சிகள், சங்கங்கள், ஓய்வு பெற்ற மீனவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கிளம்பினார்கள். பழைய படத்தைத் தேடினார்கள், கிழத் தச்சரைத் தேடினார்கள், காசு திரட்டினார்கள். 1992ல் அந்தப் படகுகள் எல்லாம் பிரெஸ்ட் துறைமுகத்தில் ஒன்றுசேர்ந்தபோது, திருவிழா என்பது அதுவரை நடந்த வேலையின் கடைசி நாளாக இருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் படகு அந்தந்த ஊரில் இருந்தது, கட்டத் தெரிந்த கையும் இருந்தது.

இதை அப்படியே பாக் நீரிணைக்குப் பொருத்திப் பாருங்கள். முத்துப்பேட்டைக்கு ஒரு வத்தை. மல்லிப்பட்டினத்துக்கு ஒன்று. கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று ஊருக்கு ஒன்று. அரசு கொடுக்க வேண்டியது மரத்துக்கும் தச்சர் கூலிக்கும் பணம். கூடவே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு தச்சரோடும் இரண்டு இளைஞர்கள் சம்பளத்தோடு வேலை கற்க வேண்டும், கட்டும் ஒவ்வொரு நாளையும் வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வருடம் கழித்துத்தான் திருவிழா. அவசரப்பட்டு முதல் வருடமே மேடை போட்டால் காரியம் கெட்டுவிடும்.

எப்போது நடத்துவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வீட்டில் வருமானம் குறையும் காலம். சோழகக் காற்று எழும் காலமும் அதுதான். பாய்மரத்துக்குத் தடை இல்லை. அந்த இரண்டு மாதத்தில் போட்டி, பயிற்சி, படகுச் சவாரி என்று வைத்தால் பணம் மீனவர் கைக்கே போகும். ஈவென்ட் மேனேஜ்மென்ட் கம்பெனி வேறு எங்காவது பிழைத்துக்கொள்ளும்.

இடத்துக்கும் இது ஒத்துவரும். அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையிலான பாக் நீரிணைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022ல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கடற்பசு மேய்வது கரையோரக் கடற்புல்லில். வேகப் படகும் ஜெட் ஸ்கீயும் கொண்டுவந்து நீர் விளையாட்டுத் திருவிழா நடத்தினால் அந்தப் புல் கிழியும். பாய் விரித்த வத்தைக்குச் சத்தமும் இல்லை, சுழலும் இறக்கையும் இல்லை. ஆவுடையார்கோவில் தாலுகா முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் பாய்ப் படகில் போகட்டுமே.

"படகே திரும்பி வரல, உங்களுக்குத் திருவிழாவா?"

இந்தக் கேள்வி வரும். வர வேண்டும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகள் எல்லை தாண்டியதாகப் பிடிபடுவது ஏறக்குறைய வாராந்தரச் செய்தி. பிடிபட்டவர்கள் சில வாரத்திலோ மாதத்திலோ திரும்புகிறார்கள், படகு திரும்புவதில்லை. இலங்கை 2018ல் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு அபராதமும் கோடிக்கணக்கில் போகிறது. லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய படகுகள் யாழ்ப்பாணக் கரையில் மட்கிக்கொண்டிருக்கின்றன. 2021 அக்டோபரில் கோட்டைப்பட்டினத்தில் இருந்து போன ஒரு படகு, இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியதில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த ஊரில் போய்ப் 'படகுத் திருவிழா' என்று பேனர் கட்டினால் கல் விழுந்தாலும் விழும்.

ஆனால் இதே பிரச்சினையின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லை தாண்ட வைப்பது இழுவை மடி. அது அடித்தரையைச் சுரண்டி இந்தப் பக்கக் கடலை வெறுமையாக்கிவிட்டது. அந்தப் பக்கம் போனால் பாதிக்கப்படுவது யார்? போருக்குப் பிறகு மறுபடி கடலில் இறங்கிய யாழ்ப்பாண, மன்னார் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017ல் இழுவை மடியையே தடை செய்துவிட்டது. இழுவைப் படகுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டத்தை அதே 2017ல் மத்திய, மாநில அரசுகள் கொண்டுவந்தன. 2,000 படகுகள் என்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. பாய்மரம் வந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். பாயை வைத்து இன்றைய குடும்பச் செலவை ஓட்ட முடியாது. ஆனால் காற்றை வைத்து, தரையைச் சிதைக்காத அளவில் மீன் பிடித்த ஒரு முறை இதே கரையில் இருந்தது என்பதை நேரில் பார்ப்பதற்கும், காணாமல் போன பிறகு புத்தகத்தில் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

அக்கரையையும் கூப்பிட வேண்டும். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் 1930ல் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரண்டு பாய்மரக் கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றி ஓட்டிப்போன அந்தக் கப்பல், 1938ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் குளஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. தமிழ்த் தச்சர்கள் கட்டிய கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறது. வல்வெட்டித்துறையில் பொங்கலன்று நடக்கும் பட்டத் திருவிழாவை இங்கே எல்லோரும் இன்ஸ்டாவில் பார்க்கிறோம். அந்த ஊரின் கப்பல் இங்கே பலருக்குத் தெரியாது. நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023ல் மறுபடி தொடங்கியது. அதில் ஏறி அக்கரை தச்சர்கள் வரலாம், இக்கரை தச்சர்கள் போகலாம். இரண்டு கரை மீனவர்களும் நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தை மேசையிலும் மட்டும் சந்தித்துக்கொள்வது போதும்.

முதலில் யார் செய்ய வேண்டும்?

மீன்வளத் துறையா, சுற்றுலாத் துறையா, தொல்லியல் துறையா என்று கோப்பு சுற்றினால் இது நடக்காது. சுற்றுலாத் துறையிடம் விட்டால் செல்ஃபி பாயிண்ட் ஆகிவிடும், தொல்லியல் துறையிடம் விட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விடும். படகு மிதக்க வேண்டுமென்றால் மீன்வளத் துறைதான் சரி. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. படகு அளப்பது, வரைவது, பதிவு செய்வது அங்கே தொடங்கலாம். குதிரைக் கப்பலைக் கட்டுவது சென்னை ஐ.ஐ.டி.யும் கடற்படையும் சேர்ந்து எடுக்க வேண்டிய பெரிய வேலை. அது தூத்துக்குடித் தோணித் தச்சர்களை வைத்து நடக்கட்டும். தோணிக்கு ஆணி அடிக்கிறவர்கள் தைக்கக் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்ன?

ஆவுடையார்கோவில் கோயிலின் கல் கொடுங்கையைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. அந்தக் காலத்தில் சிற்பிகள் ஒப்பந்தம் போடும்போது, 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' வேறு எதை வேண்டுமானாலும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். கருங்கல்லை மரச் சட்டம் போலவும் கம்பி போலவும் இழைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் மரவேலை என்றே தோன்றும். கல் என்பதால் அது நிற்கிறது, பஸ் ஏறிப் போய் யாரும் இன்றைக்கும் பார்க்கலாம். கடற்கரையில் அதே நுணுக்கத்தோடு மரத்தில் செய்தவர்களின் வேலை உப்பிலும் கரையானிலும் போய்விட்டது. மரத்தில் செய்ததை இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை மறுபடி செய்துகொண்டே இருந்தால்தான் உண்டு.

மீமிசல் பக்கம் அடுத்த ஏப்ரல் 15ஆம் தேதி விசைப்படகுகள் கரை ஏறும். அடிப்பலகை மாற்ற, விரிசல் அடைக்க, சாயம் பூசத் தச்சர்கள் வருவார்கள். வத்தை கட்டத் தெரிந்தவர் அவர்களில் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும். அதற்கு டெண்டர் வேண்டாம்.